நெஞ்சுக் கதவும் ஒரு பிடி பொன்னாங்காணியும்

நோய் எனக்குத் தலையணையில் தொடங்கியது. ஒரு தலையணையில் படுத்துப் பழகியவன் நான். மாரி மழை தொடங்கியபோது இரண்டு வேண்டியிருந்தது. வயல் வட்டையில் வெள்ளாமை கதிரை உள்ளே அடக்கிய குடலைப் பருவத்துக்கு வந்தபோது மூன்று. கதிர் பழுத்தபோது படுக்கையை விட்டுவிட்டுச் சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே உறங்கினேன். மல்லாந்தால் நெஞ்சுக்குள் தண்ணீர் ஏறுவதுபோல மூச்சு முட்டும்.

என் மனைவி பூமணிக்கு அது நோயாகப் படவில்லை.

“நாலாந் தலகாணிக்கு என்னட்டப் பஞ்சு இல்ல. வயசு போனா எல்லாரும் இப்பிடித்தான். நீங்க ஒண்டு, ரெண்டு எண்டு எண்ணிக்கிட்டு இரிக்கிறதால கூடத் தெரியிது.”

எண்ணுவது என் தொழிலாக இருந்தது. நீர்ப்பாசனப் பகுதியில் ஓவசியர் வேலை. குளத்தில் எத்தனை அடி நீர், மதகுக் கதவான துருசு எத்தனை அங்குலம் திறந்திருக்கிறது, எந்த வயற்கண்டத்துக்கு எத்தனை மணி நேரம் பாய்ந்தது என்று பார்த்து எழுதியே தலை நரைத்தது. ஓய்வு பெற்ற பிறகு எண்ண வேறு ஒன்றும் கிடைக்காததால் என்னையே எண்ணினேன். அதில் ஒரு நன்மை நடந்தது. நகரத்து ஆஸ்பத்திரியில் டொக்டர் என் தலையணைக் கணக்கைக் கேட்டதும் பேனையைக் கீழே வைத்துவிட்டு, குழாயை எடுத்து நெஞ்சில் வைத்து வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“சின்ன வயசில தொண்டை நோவும் காய்ச்சலும் வந்து, முழங்கால் மணிக்கட்டெல்லாம் மாறிமாறி வீங்கினதா?” என்றார்.

வந்தது. பத்து வயதில். பள்ளிக்கூடம் போகாமல் கிடந்தது ஞாபகம் இருந்தது.

“அந்தக் காய்ச்சல் மூட்டைத் தொட்டுட்டுப் போயிருக்கு. இதயத்தைக் கடிச்சிட்டுப் போயிருக்கு. கடிச்ச இடம் இவ்வளவு காலத்துக்குப் பிறகு தெரியுது.”

இப்போது எங்கள் பக்கத்தில் யாருக்காவது இதய வால்வு பழுது என்று சொல்லிவிட்டால், அவர்களை என்னிடம் அனுப்பிவைக்கிறார்கள். எல்லாரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். திரும்பத் திரும்பச் சொல்ல மூச்சு இருக்கிறது, பொறுமை இல்லை. அதனால் எழுதுகிறேன்.

இதயத்தில் நான்கு அறைகள், நான்கு கதவுகள். ஒவ்வொரு கதவும் ஒரு பக்கம் மட்டும் திறக்கும். வயல் வடிச்சல் வாய்க்கால் வாவியில் விழுகிற இடத்தில் மேலே கீல் வைத்துத் தொங்கவிட்ட பலகைக் கதவைப் பார்த்திருப்பீர்கள். வயல் தண்ணீர் தள்ளினால் திறக்கும். வாவியின் உப்புத் தண்ணீர் திரும்பித் தள்ளினால் தானே மூடிக்கொள்ளும். இதயக் கதவும் அதுதான். அதற்கு வரக்கூடிய பழுதும் இரண்டுதான். ஒன்று, கீல் இறுகித் திறக்க வேண்டிய அளவு திறக்காது. மற்றது, பலகை பொருந்தாமல் ஒழுகும். எனக்கு முதலாவது. இடது பக்கத்து மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள கதவு தடித்து, ஓரங்கள் ஒட்டி, பொத்தான் துவாரம்போல ஆகியிருந்தது. போக வழியில்லாத இரத்தம் பின்னால் தேங்கும். பின்னால் இருப்பது நுரையீரல். படுத்தால் வெள்ளம் ஏறும். தலையணையின் கணக்கு அவ்வளவுதான்.

குளிசை விழுங்கி வெள்ளத்தைக் கொஞ்சம் வடிக்கலாம், கதவைத் திருத்த முடியாது. சிலருக்கு ஒட்டிய ஓரத்தைக் குழாய்வழியாகப் போய்ப் பலூனால் விரிக்கலாம். என் கதவில் சுண்ணாம்பு படிந்துவிட்டது, விரித்தால் கிழியும் என்றார்கள். மாற்றத்தான் வேண்டும், அதற்குக் கொழும்புக்குப் போகத்தான் வேண்டும்.

போர் நடந்த அந்த நாட்களில் எங்கள் படுவான்கரையிலிருந்து கொழும்புக்குப் போவதே ஒரு ஒப்பரேசன். வாவியின் மேற்குக் கரையான எங்கள் பக்கம் இயக்கத்தின் கையில், கிழக்குக் கரை ஆமியின் கையில். இந்தக் கரையில் வெளியேறப் பாஸ், அந்தக் கரையில் சோதனை. நடுவில் வாவியைக் கடக்க ஒரு இரும்பு மிதவை. அதை நாங்கள் ‘பாதை’ என்போம். அதற்கப்பால் பஸ் ஏறி, காவலரணுக்குக் காவலரண் இறங்கி ஏறி, கொழும்பில் உறவுக்காரர் வீட்டில் பொலிஸ் பதிவு வைத்து, அதன் பிறகுதான் இதயம். பாதிக்காசு ஒரு நிதியத்தில் கிடைத்தது. மிச்சத்துக்குப் பூமணி தன் சீதன வயலை ஈடுவைத்தாள். அதைப்பற்றி அவள் பேசவிட்டதில்லை.

எக்கோ என்பது வலியில்லாத சோதனை. குளிர்ந்த பசையைத் தடவி, நெஞ்சின்மேல் ஒரு கட்டையை உருட்டுவார்கள். சத்த அலை உள்ளே போய்த் திரும்பி வந்து திரையில் இதயத்தைக் காட்டும். நான் என் கதவைப் பார்த்தேன். ஓடுகிற வேலையின் நடுவே பாதி திறந்து பாதி திறக்காமல் திணறிக்கொண்டிருந்தது. அதன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஐம்பது வருடத்துக்குக் கிட்ட அந்தக் காயத்தோடு அடித்திருக்கிறதே என்று பாவமாக இருந்தது.

வாட்டில் பக்கத்துக் கட்டிலில் காத்தான்குடி ஆதம்பாவா காக்கா; முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். துணி வியாபாரி, என்னைவிட எட்டு வயது மூத்தவர், அவருக்கு ஒழுகுகிற கதவு. தமிழரும் முஸ்லிம்களும் பகைத்து, எங்கள் இரண்டு ஊர்களும் ஒன்றையொன்று பார்க்காமல் இருந்த காலம் அது. முதல் நாள் முழுவதும் நாங்கள் கூரையைப் பார்த்தோம். மறுநாள் அவருடைய மகள் கொண்டுவந்த கஞ்சியில் பாதியை என் கோப்பையில் ஊற்றிவிட்டு, “ஓவசியர், ரெண்டு பேருக்கும் உப்பு இல்லாத கஞ்சிதான். சண்டை பிடிக்க ஒண்டுமில்ல” என்றார்.

சத்திரசிகிச்சை டொக்டர் ஆங்கிலத்தில் விளக்குவார். நான் காக்காவுக்குத் தமிழில் சொல்வேன். போடுகிற கதவில் இரண்டு வகை என்றார் டொக்டர். ஒன்று மிருகத்தின் சவ்வு இழையத்தில் செய்தது, பன்றியினது அல்லது மாட்டினது. இரத்தத்தோடு ஒத்துப்போகும், ஆனால் பத்துப் பதினைந்து வருடத்தில் தேயும். அப்போது மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டிவரலாம்.

நான் மொழிபெயர்த்ததும் காக்கா எழுந்து உட்கார்ந்தார்.

“பண்டி எனக்குச் சரிவராது. மாடு உங்களுக்குச் சரிவராது. இந்த டொக்டர் நம்ம ரெண்டு பேரையும் நல்லா ஆராஞ்சிதான் வந்திரிக்கார்.”

டொக்டர் என்ன சிரிப்பு என்று கேட்டார். சொன்னேன். அவரும் சிரித்துவிட்டு, காக்காவின் வயதுக்கு மாட்டு இழையமே போதும் என்றார். காக்காவுக்கு அதில் ஆட்சேபணை இருக்கவில்லை. “இவ்வளவு நாளும் திண்டது போக, இனி உள்ளுக்கும் வச்சிக்கிறன்” என்றார்.

எனக்கு அறுபது ஆகவில்லை. மற்ற வகையையும் யோசிக்கலாம் என்றார்கள். அது வலிய கரிப்பொருளிலும் உலோகத்திலும் செய்தது. தேயாது. ஆனால் அந்நியப் பொருளைக் கண்டால் இரத்தம் உறையப் பார்க்கும். உறைந்தால் கதவு இறுகிப்போகும், அல்லது கட்டி பிய்ந்து மூளைக்குப் போகும். அதைத் தடுக்க வாழ்நாள் முழுவதும் வாபரின் என்ற குளிசை. குளிசை குறைந்தால் உறைவு, கூடினால் இரத்தப்போக்கு. ஆகவே மாதத்துக்கு ஒருதடவையாவது இரத்தம் உறையும் அளவைப் பார்க்க வேண்டும். சாதாரண ஆளுக்கு அந்த அளவு ஒன்று. எனக்கு இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும்.

“நீங்கள் இருக்கும் இடத்தில் மாதாமாதம் அந்தச் சோதனைக்குப் போக முடியுமா?” என்று டொக்டர் கேட்டார்.

நான் பாதையை நினைத்தேன். ஒரு வெடிச்சத்தம் கேட்டாலே அது நின்றுவிடும். கேள்வியைப் பூமணிக்குத் தமிழில் சொன்னேன். அவள் கட்டிலின் கால்மாட்டில் நின்று, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“மறுகா வெட்டத் தேவையில்லாத கதவு எது?” என்றாள்.

“உலோகம்.”

“அதைப் போடச் சொல்லுங்க. ரெத்தம் பாக்க நான் கூட்டிட்டுப் போறன்.”

அப்படித்தான் முடிவானது.

ஒப்பரேசனைப்பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, நான் அங்கே இருக்கவில்லை. நெஞ்செலும்பை நடுவில் பிளந்து, இதயத்தை நிறுத்தி, அந்த நேரம் இரத்தத்தை ஒரு இயந்திரம் ஓட்டுகிறது. பிறகு கதவைத் தைத்து, இதயத்தை மறுபடி அடிக்கவைத்து, எலும்பைக் கம்பியால் கட்டுகிறார்கள். விழித்தபோது தொண்டையில் குழாய். பேச முடியாது. கிளிக், கிளிக் என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. சுவரில் கடிகாரம் தேடினேன், இல்லை. என் கதவுதான்.

நோவைவிட இருமல்தான் கொடுமை. இருமினால் பிளந்த எலும்பு கிழிவதுபோல இருக்கும், இருமாவிட்டால் சளி தேங்கும். நர்ஸ் மிஸ் ஒரு தலையணையைத் தந்து, அதை நெஞ்சோடு இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருமச் சொன்னார். என் கைகளில் பலமில்லை. பூமணி பின்னால் வந்து, என்னையும் தலையணையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். முப்பத்தைந்து வருடத்தில் நாலு பேர் பார்க்க அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

“இப்ப இருமுங்க. எண்ணாம இருமுங்க,” என்றாள்.

திரும்பி வரும் வழியில் ஒரு காவலரணில் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். நெஞ்சின் நடுவே நீளமான புதுக் காயம். அந்தக் காலத்தில் உடம்பில் காயம் இருந்தால் இயக்கத்தில் சண்டை பிடித்தவனா என்று கேள்வி வரும். ஆஸ்பத்திரிக் கடிதத்தை நீட்டினேன். சிப்பாய் குனிந்து வாசிக்கும்போது சத்தம் அவனுக்குக் கேட்டது. குண்டென்று எண்ணிச் சட்டென்று பின்வாங்கினான். துவக்குக் குழல் என் பக்கம் உயர்ந்தது. எனக்கோ பயத்தில் சத்தம் இன்னும் வேகமாகியது. பூமணிக்குச் சிங்களம் தெரியாது. அவள் முன்னால் வந்து, தன் காதை என் நெஞ்சில் வைத்துக் காட்டி, பிறகு அவனை வரும்படி கையால் கூப்பிட்டாள். அவன் கொஞ்சம் நின்றான். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு வந்து காதை வைத்தான். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. போங்கள் என்று கையைக் காட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் பத்தியம் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் இரத்தம் போன உடம்புக்கு இலைக்கறிதான் மருந்து. பிள்ளை பெற்றவளுக்கும், காய்ச்சலில் எழும்பியவனுக்கும் அதுதான். பார்க்க வந்தவர்கள் பிஸ்கட் பெட்டியோடு வரவில்லை. ஆளுக்கொரு கட்டு இலையோடு வந்தார்கள். பொன்னாங்காணி, வல்லாரை, முருங்கை இலை. பூமணி தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டி, சோற்றைவிட உயரமாக வைப்பாள்.

“நெஞ்சை வெட்டி எவ்வளவு ரெத்தம் எடுத்திருப்பாங்க. அது ஊற வேணுமே. திண்ணுங்க.”

முதல் மாதம் சொன்னபடி என்னை நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அளவு இரண்டுக்குக் கீழே. குளிசையைக் கூட்டினார்கள். அடுத்த தடவை இன்னும் கீழே. மறுபடி கூட்டினார்கள். நான் குளிசை பழசு என்றேன், இரத்தம் எடுத்த ஊசி சரியில்லை என்றேன், ஆய்வுகூடத்து ஆளுக்குக் கணக்குத் தெரியாது என்றேன். என் கவலையைக் கண்ட பூமணி, இரத்தம் இன்னும் ஊறவில்லையாக்கும் என்று இலையைக் கூட்டினாள். மூன்றாம் தடவை ஒன்று புள்ளி மூன்று. டொக்டர் கதவின் சத்தத்தைக் குழாய்வைத்துக் கேட்டார். அன்றைக்கே வாட்டில் படுக்கவைத்து, உடனே வேலை செய்யும் ஊசிமருந்தை ஏற்றினார்கள். கதவில் கட்டி பிடித்துவிட்டதோ என்று எக்கோ பார்க்கும்வரை யாரும் சிரிக்கவில்லை. கட்டி பிடிக்கவில்லை. பிடிக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகுதான் டொக்டர் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார்:

“ஐயா, வீட்டில என்ன சாப்பிடுறீங்க?”

சொன்னேன். பொன்னாங்காணியில் தொடங்கி முருங்கையில் முடிக்க அவர் பெருமூச்சு விட்டார். பச்சை இலைகளில் விற்றமின் கே என்று ஒன்று இருக்கிறது. இரத்தம் உறைவதற்கு உடம்பு பாவிப்பது அதைத்தான். வாபரின் செய்வது அதைத் தடுக்கிற வேலை. ஒரே வாய்க்காலில் குளிசை கதவைச் சாத்த, இலைக்கறி கதவைத் திறந்துகொண்டிருந்திருக்கிறது.

“கொழும்பில இதைச் சொல்லித்தானே அனுப்பியிருப்பாங்க. ஆர் இவ்வளவு இலை தந்தது?”

சொல்லியிருக்கலாம். இழையம், உலோகம், நிதியம், பாஸ் என்று ஓடிய ஓட்டத்தில் என் காதில் விழவில்லை. பூமணி என் பின்னால் நின்றாள். அவளைத் திரும்பிப் பார்க்காமலே அவள் மூச்சு நின்றது எனக்குத் தெரிந்தது.

“நான்தான் டொக்டர். கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டனான். அவ வேணாம் எண்டுதான் சொன்னவ.”

டொக்டர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். அவர் சொன்ன அடுத்த விஷயத்தை, கதவு மாற்றிய எல்லாரும் கவனமாகக் கேட்க வேண்டும். இலையை ஒரேயடியாக நிறுத்தக்கூடாது. நிறுத்தினால், கூட்டிவைத்த குளிசை தனியாக நின்று இரத்தத்தை வடியவிடும். சாப்பிடலாம், ஆனால் எப்போதும் ஒரே அளவு. ஒரு நாள் மலையளவு, மறுநாள் ஒன்றுமில்லை என்று இருக்கக்கூடாது. அளவு மாறாவிட்டால், அதற்கேற்றபடி குளிசையைச் சரிக்கட்டலாம்.

“ஒரு நாளைக்கு ஒரு பிடி காணுமா?” என்று பூமணி கேட்டாள். அவள் அங்கே பேசிய முதல் வார்த்தை அது.

“போதும், அம்மா. ஒரு பிடியெண்டா எப்பவும் ஒரு பிடி.”

திரும்பும்போது பாதையில் அவள் ஓரமாக நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நடு வாவியில், “என்னத்துக்கு அப்பிடிச் சொன்னீங்க?” என்றாள்.

“டொக்டருக்கு ஆர் ஆக்கினா என்ன?”

“நான் உங்களக் கொல்லப் பாத்திரிக்கன்.”

“நல்ல ருசியாத்தான் கொல்லப் பாத்தாய்.”

அவள் சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, “முருங்கை கொஞ்சம் கசப்பாக் கைச்சதே?” என்றாள். நான் ஓம் என்று தலையாட்டினேன்.

குளிசை நிதானப்பட்டு, அளவு இரண்டரையைத் தாண்டியது. அந்தச் சந்தோசம் ஒரு மாதம் நின்றது. பிறகு படுவான்கரையில் மறுபடி சண்டை தொடங்கியது. பாதை நின்றது. அக்கரை அமிர்தகழியில் எங்கள் மகளின் வீட்டில் போய் இருந்திருக்கலாம். வீட்டை வெறுமையாக விட்டால் வேறு யாராவது குடியேறிவிடுவார்கள் என்ற பயத்தில் பிந்திவிட்டோம். குளிசை மட்டும் என்னிடம் சேமிப்பில் இருந்தது, என் எண்ணுகிற புத்தி அதற்கு உதவியது. இரத்தம் பார்க்க மட்டும் வழியில்லை. அளவு மேலே போகிறதா கீழே போகிறதா என்று தெரியாமல் இருந்தோம்.

துருசு திறப்பைப் பார்க்க முடியாமல் குளத்தைக் காவல் காப்பதுபோல இருந்தது. காலையில் பல் துலக்கி ஈறில் இரத்தம் கசிகிறதா என்று பார்ப்பேன். கையில் நீலம் பாரித்த கண்டல் தேடுவேன். சத்தம் மழுங்கினால் கட்டி பிடிக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் ஒரு நாளைக்குப் பல தடவை பூமணியைக் கூப்பிட்டுக் காதை வைக்கச் சொல்வேன்.

“கூராக் கேக்கிதா?”

“ஓம், கேக்கிது. ஷெல் அடிக்கிற சத்தத்துக்குள்ளயும் உங்கட சத்தம்தான் கேக்கிது. போய் இருங்க.”

அவள் ஒவ்வொரு நாளும் விடிய வேலிக்கரைப் பொன்னாங்காணியில் ஒரு பிடி ஆய்வாள். ஒரே கை, வலது கை. பிடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைக் கிள்ளிப் போட்டுவிடுவாள்.

இரண்டாவது மாதம் அவளுக்கு மலேரியா பிடித்தது. பாயில் கிடந்து நடுங்கினாள். அடுத்த வளவில் இருந்த பூமணியின் மச்சாள், அவளுடைய தம்பி மனைவி, வந்து சோறாக்கினாள். நான் குசினி வாசலில் இருந்தேன். மச்சாள் இலையை ஆயப் போவதைப் பார்த்துப் பூமணி பாயிலிருந்து எழுந்தாள். கப்பு மரங்களைப் பிடித்துப் பிடித்து வேலிவரைக்கும் போனாள்.

“படு கா. நான் ஆயமாட்டனா?” என்றாள் மச்சாள்.

“உன்ட கை பெரிய கை, கிளி. இவருக்கு ஒத்துவராது.”

உதறலில் கை மூடவில்லை. மூடும்வரை நின்றாள். மூடியதும் அதைக் கொண்டுவந்து சுளகில் வைத்துவிட்டுப் பாயில் விழுந்தாள். அடுத்த நாளும் அப்படித்தான். அந்தக் காய்ச்சல் தீரும்வரை அப்படித்தான். வேண்டாமென்று சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டாள்.

பாதை மறுபடி ஓடத் தொடங்கியபோது மூன்று மாதம் ஆகியிருந்தது. முதல் மிதவையிலேயே போனோம். அவள் மெலிந்து, என் கையைப் பிடித்துத்தான் ஏறினாள். இரத்தம் எடுத்த பிறகு ஆய்வுகூடத்து மரவாங்கில் உட்கார்ந்திருந்தோம். நான் தரையின் கற்களை எண்ணினேன். அவள் கையைக் கூட்டி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். மிஸ் அளவு எழுதிய துண்டைக் கொண்டுவந்து என்னிடம் தந்தார்.

“எவ்வளவு?” என்றாள் பூமணி.

“ரெண்டு புள்ளி எட்டு.”

“அது காணுமா?”

“காணும். இதைவிட நல்ல அளவு இல்ல.”

பிறகு, “கூட்டிட்டு வாறன் எண்டு சொன்னன். வரேலாமப் போயிட்டு” என்றாள்.

துண்டை மடித்து அவள் கையில் வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவளுடைய ஒரு பிடி எத்தனை கிராம் என்று பார்க்கத் தராசைத் தூசு தட்டி எடுத்தேன். படிக்கல்லையும் வைத்தேன். பிறகு தராசைத் திரும்பக் கொண்டுபோய் இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

கதவு மாற்றியவர்கள் வந்து, குளிசை நேரம் கேட்கிறார்கள், பல் பிடுங்கலாமா என்று கேட்கிறார்கள். டொக்டருக்குச் சொல்லாமல் பிடுங்கக்கூடாது, வேறு நோவுக் குளிசையும் கேளாமல் போடக்கூடாது என்கிறேன். கடைசியில் எல்லாரும் கேட்பது, இலைக்கறி எவ்வளவு சாப்பிடலாம் என்பது. நான் பூமணியைக் கூப்பிடுகிறேன். அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, வலது கையை மூடிக் காட்டுகிறாள்.